பிரதமர்களுக்கு மார்க் போடுவது எப்படி?



நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு முதலில் சர்க்கரை, பிரஷர், அப்புறம் பென்ஷன், கடைசியில் பழைய பிரதமர்கள் என்றுதான் போகும். நேரு மாதிரி வருமா என்பார் ஒருவர். சாஸ்திரி இன்னும் ஐந்து வருஷம் இருந்திருந்தால் என்று இன்னொருவர் பெருமூச்சு விடுவார். இந்திராம்மா தைரியம் யாருக்கு வரும் என்று மூன்றாமவர் தொடங்கினால், எமர்ஜென்சியை மறந்துட்டீங்களா என்று நான்காமவர் எழுந்து நிற்பார். காபி ஆறிப்போகும். ஒரு முடிவும் வராது.

இப்போது செல்போனில் வருகிற செய்திகள் இதை இன்னும் மோசமாக்கிவிட்டன. ஒரு தலைவர் முழுக்கத் தெய்வம், அல்லது முழுக்கத் துரோகி. பேரப்பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு நம்மிடம் வந்து, "தாத்தா, இது நெசமா?" என்று கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் ரேஷன் வரிசையில் நின்றவர்கள், ஓட்டுப் போட்டவர்கள் நாம். நாம் நிதானமாகப் பதில் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் சரித்திரப் பேராசிரியர் அல்ல. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். டெல்லியில் ஒருவர் போட்ட கையெழுத்து, எந்த ரூபத்தில் வேடசந்தூருக்கும் நத்தத்துக்கும் வந்து சேர்ந்தது என்பதைக் கோப்பில் பார்த்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த கணக்கு முறையிலேயே இதைச் சொல்கிறேன். இப்போது நடக்கும் ஆட்சியைப் பற்றி எழுதப்போவதில்லை. வருஷக் கணக்கு முடியாமல் ஆடிட் பண்ணும் வழக்கம் இல்லை. 2014 வரை உள்ளவர்கள் மட்டும்.

முதலில் பார்க்க வேண்டியது ஆரம்ப இருப்பு. பதவி ஏற்ற அன்று கையில் என்ன இருந்தது?

நேரு 1947-இல் எடுத்துக்கொண்டது ரத்தம் சிந்திப் பிரிந்த ஒரு தேசம். படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். அந்த நிலையில், சொத்து, படிப்பு, சாதி எதையும் பார்க்காமல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று 1951-52-இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. சுமார் 17 கோடிப் பேர் பட்டியலில் இருந்தார்கள். பெயர் வாசிக்கத் தெரியாதவர்களுக்காகப் பெட்டியில் சின்னம் ஒட்டினார்கள். இதன் அருமை தெரிய வேண்டுமானால் பக்கத்து நாடுகளைப் பார்க்க வேண்டும். பாகிஸ்தானில் 1958-இல் அயூப் கான் வந்தார். பர்மாவில் 1962-இல் நெ வின் வந்தார். அதற்குப் பின் அங்கிருந்து கையில் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்த நம் ஆட்களைத் தமிழ்நாடு முழுக்கப் பார்த்தோம். இங்கே 1964 மே 27 அன்று நேரு இறந்தார். காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் எம்.பி.க்களையும் முதல்வர்களையும் கலந்து பேசி சாஸ்திரியைத் தேர்ந்தெடுக்க வைத்தார். ஜூன் 9 அன்று அவர் பதவி ஏற்றார். ஒரு பீரங்கி வண்டிகூடத் தெருவுக்கு வரவில்லை. 17 வருஷ ஆட்சியின் பெரிய வரவு இதுதான் என்பது என் கருத்து.

அதே நேருவின் செலவுப் பக்கத்தில் 1962 சீனப் போர் இருக்கிறது. தயாரிப்பில்லாத படைவீரர்களை மலை உச்சிக்கு அனுப்பிய பொறுப்பு அவருடையது. ஐ.ஐ.டி.கள் கட்டிய அதே காலத்தில் ஆரம்பப் பள்ளிக்கு டெல்லி காட்டிய அக்கறை போதாது என்பதும் உண்டு. நம் மாநிலத்தில் அந்தக் குறை தெரியாமல் போனதற்குக் காரணம் காமராஜர் 1956-இல் தொடங்கிய மதிய உணவும், ஊருக்கு ஊர் திறந்த பள்ளிகளும். அந்த வரவை நேருவின் பெயரில் எழுதக் கூடாது.

இரண்டாவது, குணம் வேறு, பதவியில் செய்த வேலை வேறு. சாஸ்திரியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எளிமை என்கிறோம். 1956 நவம்பரில் நம் அரியலூரில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, ரயில்வே மந்திரி பதவியை அவர் விட்டார். உண்மைதான், அது பெரிய குணம். ஆனால் பிரதமராக அவர் செய்த வேலை என்ன என்று கேட்டால் நம்மில் பல பேர் 1965 போருக்கு மேல் சொல்வதில்லை.

நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது 1965 ஜனவரி 26. அன்று முதல் இந்தி ஆட்சிமொழி என்றபோது தமிழ்நாடு பற்றி எரிந்தது. மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. தொடக்கத்தில் நிலைமையின் ஆழம் சாஸ்திரிக்குப் புரியவில்லை. சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் மத்திய மந்திரி பதவியை ராஜினாமா செய்தார்கள். பிப்ரவரி 11 அன்று சாஸ்திரி வானொலியில் பேசி, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் உறுதிமொழி காப்பாற்றப்படும் என்றார். அது 1967 டிசம்பரில், இந்திரா காலத்தில், நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தமாக நிறைவேறியது. பற்றி எரிந்த பிறகு இறங்கி வந்தார் என்று குறை சொல்லலாம். இறங்கி வரவே தெரியாத ஆட்சியாளர்களால் பக்கத்துத் தீவில் என்ன நடந்தது என்பதை நினைத்துக்கொண்டு குறை சொன்னால் போதும். 1956-இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்டவர்கள், அதைக் காலத்தோடு சரிசெய்யாமல் விட்டதன் விலையைத் தமிழர்கள் பல பத்தாண்டுகள் கொடுத்தார்கள்.

சாஸ்திரியின் இன்னொரு வேலை சோறு. அமெரிக்கக் கப்பல் வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நாட்கள் அவை. மைலோ சோளத்தைத் தின்ற தலைமுறைக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகமும், விளைபொருள் விலைக் கமிஷனும் உருவாயின. விவசாயத்துக்குச் சி. சுப்பிரமணியத்தைப் போட்டு, விஞ்ஞானிகள் சொல்வதைக் கேட்கவிட்டார். 1966-இல், சாஸ்திரி இறந்த பிறகு, மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. 1964-65-இல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1970-71-இல் சுமார் 2 கோடியே 40 லட்சம் டன் ஆனது. பத்தொன்பது மாதமே பதவியில் இருந்தவர் நட்டது, அவர் போன பிறகு காய்த்தது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 1967 தேர்தலில் அரிசிப் பஞ்சத்தின் கோபத்தில் தமிழ்நாடு காங்கிரஸைத் தூக்கி எறிந்தது. காமராஜர் விருதுநகரில் தோற்றார். பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்த சி. சுப்பிரமணியமும் கோபிசெட்டிபாளையத்தில் தோற்றார். பசித்தவன் கோபத்தில் தப்பில்லை. ஆனால் தேர்தல் முடிவை அப்படியே சரித்திரத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

வேண்டுமானால் நம் திண்டுக்கல்லையே பாருங்கள். 1971 டிசம்பரில் 13 நாள் போரில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. 93,000 பேர் கைதிகள். இந்திராவின் புகழ் உச்சத்தில் இருந்தது. ஒன்றரை வருஷத்தில், 1973 மே மாதம், இங்கே நாடாளுமன்ற இடைத்தேர்தல் வந்தது. எம்.ஜி.ஆர். புதிதாகத் தொடங்கிய கட்சியின் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாவது, தி.மு.க. மூன்றாவது. பங்களாதேஷ் வாங்கித் தந்த இந்திராவின் காங்கிரஸ் நாலாவது. அடுத்து 1977. எமர்ஜென்சியின் கோபத்தில் வடக்கே இந்திராவே ரேபரேலியில் தோற்றார். இங்கே அவரோடு கூட்டுச் சேர்ந்த அணி 39-இல் 34 தொகுதிகளை வென்றது. திண்டுக்கல்லில் மறுபடி மாயத்தேவர். வெற்றிக்குப் பரிசும் இல்லை, குற்றத்துக்குத் தண்டனையும் இல்லை. நாம் அப்போது தீர்ப்புச் சொன்னது எம்.ஜி.ஆரையும் கருணாநிதியையும் பற்றி. டெல்லியைப் பற்றி அல்ல.

மூன்றாவது விதிதான் முக்கியமானது. அரசுக் கணக்கில் ஒரு தலைப்பில் வந்த பணத்தை இன்னொரு தலைப்பில் காட்டக் கூடாது. குடிநீர்ப் பணத்தில் மிச்சம் இருக்கிறதே என்று சாலைச் செலவில் விழுந்த துண்டை மூட முடியாது. தலைவர்கள் விஷயத்திலும் அப்படித்தான். ஒரு தலைப்பின் வரவை வைத்து இன்னொரு தலைப்பின் பாக்கியைத் தள்ளுபடி செய்யக் கூடாது.

இந்திராவின் கணக்கில் 1971 இருக்கிறது. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் அரசுடைமையானது இருக்கிறது. அதற்கு முன் வங்கி என்றால் டவுனில் மண்டிக்காரர், தோல்ஷாப் முதலாளி போகும் இடம். அப்புறம்தான் கிராமத்தில் கிளை வந்தது. ஐ.ஆர்.டி.பி. திட்டத்தில் கறவை மாட்டுக் கடன் வந்தது. ஒரே மாடு நாலு பயனாளிகளின் போட்டோவுக்கு நின்ற கதையெல்லாம் ஊரறிந்தது. ஆனாலும் வட்டிக்காரரைத் தவிர வேறு வாசல் அறியாத ஒரு குடும்பம் முதன்முதலில் வங்கிப் படி ஏறியது அதனால்தான்.

அதே கணக்கின் இன்னொரு தலைப்பில் 1975 ஜூன் 25 இருக்கிறது. 21 மாதம் நீதிமன்றக் கதவே அடைபட்ட காலம். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்படும்வரை அதன் உக்கிரம் நமக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. பிறகு மிசாக் கைதிகள் சென்னைச் சிறையில் அடிக்கப்பட்டார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு உயிரை விட்டார். அதை விசாரிக்க இஸ்மாயில் கமிஷன் வந்தது. "அப்போ ரயில் நேரத்துக்கு வந்தது, ஆபீஸில் எல்லோரும் பத்து மணிக்கு உட்கார்ந்தார்கள்" என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். நானும் அலுவலகத்தில் இருந்தவன்தான். மேலதிகாரி ஒழுங்காக இருந்தால் எந்தக் காலத்திலும் ஆட்கள் பத்து மணிக்கு வருவார்கள். அதற்கு யாரையும் சிறையில் போட வேண்டியதில்லை. வங்கியும் பங்களாதேஷும் தனி வரவு. எமர்ஜென்சி தனிப் பற்று. ஒன்றில் ஒன்று கழியாது.

நரசிம்ம ராவ் கணக்கும் அப்படித்தான். 1991 ஜூனில் அவர் வந்தபோது அன்னியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் இருந்தது. முந்தைய ஆட்சியிலேயே அடகுக்குப் போகத் தொடங்கியிருந்த தங்கத்தில், ஜூலையில் மேலும் 47 டன் இங்கிலாந்து வங்கிக்குப் போனது. மெஜாரிட்டி இல்லாத ஆட்சியை வைத்துக்கொண்டு, மன்மோகன் சிங்கை நிதி மந்திரியாக்கி, நாட்டின் பொருளாதாரப் பாதையையே திருப்பினார். 1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் மசூதி இடிந்தபோது டெல்லியில் அதிகாரத்தில் இருந்தவரும் அவர்தான். உத்தரப் பிரதேச அரசின் வாக்குறுதியை நம்பினேன் என்பது காரணமாகலாம், கணக்கு ஆகாது. முதலாவதற்கு நன்றி சொல்பவர்கள் இரண்டாவதை மறைக்கிறார்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள் முதலாவதைத் தொடுவதில்லை.

நாலாவது, போன பிறகு என்ன நின்றது என்று பாருங்கள். அடுத்து வந்த எதிர்க்கட்சியாலும் கலைக்க முடியாதது எதுவோ அதுதான் உண்மையான வேலை.

மொரார்ஜி தேசாயைக் கேலி செய்தே காலம் போய்விட்டது. 1978-இல் அவர் ஆட்சியில் வந்த 44-ஆவது திருத்தத்தை யாரும் பேசுவதில்லை. உள்நாட்டுக் குழப்பம் என்று மொட்டையாகச் சொல்லி இனி எமர்ஜென்சி போட முடியாது, ஆயுதக் கலகம் இருக்க வேண்டும். மந்திரி சபை எழுத்தில் கொடுக்க வேண்டும். உயிர் வாழும் உரிமையை நிறுத்திவைக்க முடியாது. அந்தப் பூட்டு இன்றும் இருக்கிறது. திண்டுக்கல்காரனுக்குப் பூட்டின் மதிப்பைச் சொல்ல வேண்டுமா?

வி.பி. சிங் பதினோரு மாதம்தான் இருந்தார். காஷ்மீர் அவர் காலத்தில் கையை மீறிப் போனது, அது அவருடைய பற்று. ஆனால் 1990 ஆகஸ்டில் மண்டல் பரிந்துரைப்படி மத்திய அரசு வேலையில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் என்றார். அதே ஆண்டு ஜூன் 2 அன்று காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. முதலாவதை 1992-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. எந்த ஆட்சியும் திரும்பப் பெறவில்லை. ஆக, பதவியில் இருந்த நாட்களை எண்ணி மார்க் போடுவதில் பயனில்லை.

ராஜீவ் காந்தி காலத்தில் 18 வயதுக்கு ஓட்டு வந்தது, கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது, தெருமுனையில் மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத் வரத் தொடங்கியது. இலங்கைக்குப் படை அனுப்பியது ஆறாத புண்ணாகி, அவர் உயிரும் ஸ்ரீபெரும்புதூரில் போனது. அவர் கொண்டுவந்த பஞ்சாயத்து மசோதா 1989-இல் ராஜ்யசபாவில் தோற்றது. நரசிம்ம ராவ் காலத்தில் அது 73-ஆவது திருத்தமாகி 1993-இல் அமலானது. அதனால்தான், 1970-க்குப் பிறகு 1986-இல் ஒரு முறை மட்டுமே நடந்திருந்த நம் ஊராட்சித் தேர்தல், 1996-இல் கட்டாயமாக நடந்தது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றானது. ஒன்றிய அலுவலகத்தில் முதல் கூட்டத்துக்கு வந்த பெண் தலைவர்கள் பலர், கணவருக்குப் பின்னால்தான் உட்கார்ந்தார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் சிலர் தாங்களே மைக்கைப் பிடித்து, எங்க ஊர் போர்வெல் என்னாச்சு என்று கேட்டதையும் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தின் மறுபக்கமும் பக்கத்து மாவட்டத்திலேயே இருந்தது. 1997 ஜூனில் மேலவளவு தலைவர் முருகேசனை, தலித் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதற்காகவே கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 2006 வரை முறையான தேர்தல் நடத்த முடியவில்லை. டெல்லி கதவைத் திறக்கலாம். உள்ளே போகிறவனைக் காப்பது மாநிலமும் ஊரும்.

வாஜ்பாயின் வரவில் சாலை உண்டு. நம் ஊரைத் தொட்டுச் செல்லும் மதுரை சாலை நாலு வழியானது அவர் தொடங்கிய திட்டத்தில்தான். 1999 ஏப்ரலில் ஒரே ஒரு ஓட்டில் ஆட்சி போனது. பேரம் பேசாமல் எழுந்து போனார். 2002 குஜராத் அவர் பற்றுப் பக்கத்தில் இருக்கும். மன்மோகன் சிங் ஆட்சியில் அலைக்கற்றையும் நிலக்கரியும் பெயரைக் கெடுத்தன. ஆனால் தகவல் உரிமைச் சட்டம் வந்தது 2005-இல். நூறு நாள் வேலை 2006 பிப்ரவரியில் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதலில் எடுத்த ஆறு மாவட்டங்களில் நம் திண்டுக்கல்லும் ஒன்று. வேலை ஒழுங்காக நடக்கவில்லை என்று நாமெல்லாம் மரத்தடியைக் காட்டிச் சொல்வோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதைக் காட்டுவேலை மட்டுமே தெரிந்த பெண் அங்கேதான் முதலில் கண்டாள்.

கடைசியாக ஒரு கேள்வி: விலையை யார் கொடுத்தார்கள்? எழுபதுகளில் பச்சைத் தோலை ஏற்றுமதி செய்யாதே, பதனிட்டு முடித்த தோலை அனுப்பு, டாலர் வரும் என்று டெல்லி கொள்கை வகுத்தது. நல்ல யோசனைதான். டாலர் வந்தது. நம் ஊர்த் தோல்ஷாப் தண்ணீர் குடகனாற்றுப் பக்கக் கிணறுகளில் இறங்கியது. தென்னை கருகியது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் கழிவு பற்றித் தீர்ப்புச் சொன்னபோது திண்டுக்கல் அண்ணா மாவட்டத்தின் பெயரும் அதில் இருந்தது. எந்தப் பிரதமரின் வாழ்க்கை வரலாற்றிலும் இந்தக் கிணறுகளைப் பற்றி ஒரு வரி இருக்காது. அதை எழுதி வைக்க வேண்டியவர்கள் இங்கே இருப்பவர்கள்தான்.

இவ்வளவையும் கூட்டி யார் முதல் ரேங்க் என்று கேட்டால், கூட்டுத்தொகை போட நான் தயாராக இல்லை. ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியாகச் சொல்வேன். ஓட்டுரிமையை வேரூன்ற வைத்ததில் நேரு. சோற்றுக்கு வழி பார்த்ததில் சாஸ்திரி. கஜானாவைக் காப்பாற்றியதில் நரசிம்ம ராவ். சுதந்திரத்துக்குப் பூட்டுப் போட்டுக் காத்ததில் மொரார்ஜி. சுதந்திரத்தைப் பறித்ததில் இந்திரா, ஒரு போரை முடித்துக் காட்டியதிலும் அவரே.

பேரப்பிள்ளைகள் கேட்டால் ஒரு பெயரைச் சொல்லி முடிக்காதீர்கள். ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் பற்று என்று உங்கள் கண்ணால் பார்த்ததை எழுதிக் கொடுங்கள். நான் விட்டது ஏதாவது இருந்தால் எனக்கும் எழுதுங்கள். முக்கியமாக, சாணார்பட்டி, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பக்கத்து நண்பர்கள் அறுபதுகளின் ரேஷன் நாட்களைப் பற்றி எழுதினால், அதையே அடுத்த கட்டுரையாகப் போட்டுவிடலாம்.